பிரீதர் குழாய் பற்றிப் பழைய கார்க்காரர்களுக்கு ஒரு மடல்

திருப்பூர், அவிநாசி, பல்லடம், காங்கேயம், கோவை வட்டாரத்தில் அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற கார்களை இன்னும் பேணி வைத்திருப்போருக்கும், அவற்றில் கை வைக்கும் மெக்கானிக்குகளுக்கும், பழங்கார் அணிவகுப்புகளில் மதிப்பெண் போடும் நடுவர்களுக்கும்.



ஒரு குழாயைப் பற்றி எழுதுகிறேன். அறுபதுகளில் வந்த அம்பாசடரின் பானெட்டைத் தூக்கினால் அது சட்டென்று கண்ணில் படாது. மேனிஃபோல்டுக்குக் கீழே, பிளாக்கின் பக்கவாட்டில் இரண்டு டேப்பட் கவர்கள் இருக்கின்றன. முன்பக்கக் கவரிலிருந்து ஓர் இரும்புக் குழாய் புறப்பட்டு, சம்ப் ஓரமாக இறங்கி, தரையைப் பார்த்துத் திறந்த வாயோடு முடிகிறது. கிராங்க் கேஸுக்குள் சேரும் புகையும் ஆவியும் வெளியேற அந்த எஞ்சினுக்கு விடப்பட்ட முக்கிய வழி அதுதான். நான் சொல்ல வருவது இது: அந்தக் குழாய் ஓடுகிற காருக்காக வடிவமைக்கப்பட்டது, உங்கள் கார் பெரும்பாலும் நிற்கிறது. ஆகவே, கிராங்க் கேஸ் புகையை உறிஞ்சி மறுபடி எஞ்சினுக்கே எரிக்கக் கொடுக்கும் மூடிய காற்றோட்ட அமைப்பை, எந்தப் பாகத்தையும் துளைக்காமல், வேண்டாதபோது ஸ்பேனரால் கழற்றிவிடும் விதத்தில் இந்த எஞ்சின்களில் சேர்ப்பது நல்லது. அசல்தன்மை என்ற பெயரில் இதை மறுப்பவர்கள் குழாயைக் காப்பாற்றிக்கொண்டு எஞ்சினைக் கைவிடுகிறார்கள் என்பது என் கருத்து.

முதலில் அந்தக் குழாய் எதை வெளியேற்றுகிறது என்று பார்ப்போம். பிஸ்டன் ரிங் எவ்வளவு புதிதாக இருந்தாலும் சிலிண்டருக்குள் வெடிக்கும் அழுத்தத்தில் ஒரு சிறு பங்கு ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கத்தான் செய்யும். பட்டறைகளில் இதைத்தான் ‘கம்ப்ரஷன் அடிக்கிறது’ என்கிறார்கள். இறங்குவதில் பெரும்பகுதி எரியாத பெட்ரோல் கலவை. மீதி எரிந்த வாயு, அதோடு நீராவி. நீராவியின் கணக்கு பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்வதன் விளைவு அது. அதில் கிட்டத்தட்ட எல்லாமே சைலன்சர் வழியாகப் போய்விடுகிறது. ரிங்கைத் தாண்டி ஆயிலுக்குள் வரும் கொஞ்சம்தான் பிரச்சினை. எரிந்த வாயுவிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகள் அந்த நீரோடு சேர்ந்தால் அமிலம். எரியாத பெட்ரோல் ஆயிலோடு சேர்ந்தால் ஆயில் இளகும். எல்லாம் சேர்ந்து நாள்பட்டால் சம்பின் அடியில் கறுப்புக் கசடு.

இவற்றை வெளியே இழுக்க அந்தக் காலத்து வடிவமைப்பாளர்கள் கண்ட வழி எளிமையானது, செலவே இல்லாதது. கார் ஓடும்போது அடியில் பாயும் காற்று குழாயின் வாயருகே அழுத்தத்தைக் குறைக்கும். அந்தக் குறைவு கிராங்க் கேஸிலிருந்து புகையை இழுக்கும். அதற்கு ஈடாக மேலே ராக்கர் கவர் பக்கமாகப் புதுக்காற்று உள்ளே வரும். மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டினால்தான் இந்த இழுவைக்கு ஒரு பலம் கிடைக்கிறது. அதற்குக் கீழே குழாய் வெறும் துளை. நின்றுகொண்டு எஞ்சின் ஓடும்போது இழுவை சுத்தமாக இல்லை. உள்ளே அழுத்தம் கூடும்போது தானாகத் தள்ளிக்கொண்டு வருவது மட்டுமே வரும். 1959-இல் இந்த 1489 சிசி ஓவர்ஹெட் வால்வு எஞ்சின் அம்பாசடருக்குள் வந்தபோது அதை வாங்கியவர்கள் ஊர் விட்டு ஊர் போகத்தான் வாங்கினார்கள். திருப்பூரிலிருந்து சென்னைக்கு ஒரே மூச்சில் ஓடிய வண்டிக்கு அந்தக் குழாய் போதுமானதாகவே இருந்தது. வடிவமைப்பில் குற்றம் இல்லை.

இன்றைய நிலை வேறு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டார்ட் செய்து, குமரன் ரோட்டில் ஊர்ந்து, புஷ்பா தியேட்டர் சந்திப்பில் நின்று, ரயில்வே மேம்பாலம் ஏறி இறங்கி, வீட்டுக்குத் திரும்பி, உறை போட்டு மூடுகிறோம். அந்தப் பயணத்தில் 40-ஐத் தொட்ட நிமிடங்களை விரல் விட்டு எண்ணலாம். ரேடியேட்டர் தண்ணீர் சீக்கிரம் சூடேறிவிடுவதால் எஞ்சின் சூடாகிவிட்டது என்று நினைக்கிறோம். சம்பில் இருக்கும் ஆயில் அந்தச் சூட்டை எட்ட அதைவிட வெகுநேரம் பிடிக்கும். ஆயில் நன்றாகச் சூடானால்தான் அதில் கலந்த நீரும் பெட்ரோலும் ஆவியாகும். ஆவியானாலும் அதை வெளியே இழுக்க ஏதாவது வேண்டும். குறைந்த தூர ஓட்டத்தில் இரண்டும் நடப்பதில்லை. போதாக்குறைக்குச் சட்டமும் காரை நிற்கத்தான் சொல்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த பழைமை வாகனப் பதிவு விதிகளின்படி, 50 ஆண்டு கடந்த வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டி ‘விஏ’ வரிசை எண் வாங்கினால், அதை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, ஆய்வு, பெட்ரோல் போடுதல், பராமரிப்பு போன்ற காரியங்களுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். நிற்பதற்கென்றே பதிவு செய்யப்பட்ட வண்டியில், ஓடினால் மட்டுமே வேலை செய்யும் குழாய்.

இங்கே ஒரு மறுப்பு வரும். எஞ்சினுக்குள் நீர் தங்குவதெல்லாம் குளிர் நாட்டுச் சங்கதி, நம் ஊர் வெயிலில் அது எங்கே நிற்கும் என்பார்கள். பாதி சரி. பனி விழும் நாட்டை விட இங்கே சிக்கல் குறைவுதான். ஆனால் எரிந்த வாயுவிலுள்ள நீராவி 50 டிகிரி அளவிலேயே நீராகப் படியத் தொடங்கிவிடும். சித்திரை மாத நண்பகலில்கூட ஸ்டார்ட் செய்யாத எஞ்சினின் இரும்பு அதற்குக் கீழேதான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலக் காலைகளைச் சொல்லவே வேண்டாம். ராக்கர் கவரின் ஆயில் மூடியைத் திருகி எடுத்து அதன் உட்பக்கத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சளாக, விரலில் ஒட்டும் பசை ஒன்று படிந்திருந்தால் அது ஆயிலும் நீரும் கலந்தது. ஹெட் கேஸ்கட் போய்விட்டதோ என்று பதறி எஞ்சினைப் பிரிப்பவர்கள் உண்டு. ரேடியேட்டரில் தண்ணீர் குறையாமல், ஆயில் மட்டம் ஏறாமல், மூடியிலும் ராக்கர் கவரின் உட்புறத்திலும் மட்டும் இந்தப் பசை இருந்தால், எஞ்சினுக்குள் காற்றோட்டம் போதவில்லை என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்தது ஆயில் ஒழுகல். அம்பாசடர் ஒழுகவில்லை என்றால் அதில் ஆயில் இல்லை என்று அர்த்தம் என்று பட்டறைகளில் வேடிக்கையாகச் சொல்வார்கள். அதற்குப் பின்னால் ஓர் இயந்திரக் காரணம் இருக்கிறது. இந்த எஞ்சின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் ‘பி’ வரிசையைச் சேர்ந்தது. மூன்று மெயின் பேரிங் கொண்ட இந்த வடிவத்தில் கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் இன்றைய வண்டிகளில் இருப்பதுபோல ரப்பர் ஆயில் சீல் கிடையாது. ஷாஃப்டில் திருகுமரை போல ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். ஷாஃப்ட் சுற்றும்போது அந்த மரை ஆயிலை உள்பக்கமாகத் திருப்பித் தள்ளும். கிராங்க் கேஸுக்குள் அழுத்தம் வெளியை விடக் குறைவாகவோ சமமாகவோ இருக்கும்வரை இது வேலை செய்யும். உள்ளே அழுத்தம் ஏறினால் ஆயில் மரையைத் தாண்டிப் பின்னால் போகும். கிளட்ச் ஹவுசிங்கில் சொட்டும். கிளட்ச் பிளேட் நனைந்து வழுக்கும். அதை நிறுத்தச் சிலர் கியர்பாக்ஸை இறக்கி, கிராங்கைக் கடைந்து, ரப்பர் சீல் பொருத்துகிறார்கள். அசல் பாகத்தையே கடையும் அந்த வேலையை யாரும் அசல்தன்மைக்கு எதிரானது என்று சொல்வதில்லை; ஒரு ஹோஸும் ஒரு வால்வும் போட்டால் மட்டும் முகம் சுளிக்கிறார்கள். உள்ளே இலேசான உறிஞ்சல் இருந்தால் இந்த ஒழுகலில் பெரும்பகுதி தானே அடங்கும் என்பதுதான் மூடிய காற்றோட்டம் தரும் முதல் லாபம்.

நம் ஊருக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. திருப்பூரின் பின்னலாடை வட்டாரத்தில் காற்றில் பஞ்சுத் துகள் மிதக்கிறது. நிட்டிங் கூடங்களின் சுற்றுப்புறத்தில் நிறுத்திய வண்டியின் கண்ணாடியைத் துடைத்தவர்களுக்குத் தெரியும். திறந்த அமைப்பில் எஞ்சின் நின்று குளிரும்போதெல்லாம் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும்; வெளிக்காற்று அந்தத் திறந்த குழாயின் வழியாகவே உள்ளே ஏறும். குழாயின் வாயில் வடிகட்டி ஏதும் கிடையாது. எண்ணெய் பூத்த குழாய்க்குள் பஞ்சும் பல்லடம் சாலைத் தூசியும் ஒட்டினால் கெட்டியான ஓர் அடைப்பு உருவாகும். குழாய் பாதி அடைந்துவிட்டால் அழுத்தம் டிப்ஸ்டிக் வழியாகவும் பேக்கிங் ஓரங்கள் வழியாகவும் வழி தேடும். மூடிய அமைப்பிலோ உள்ளே வரும் காற்று முழுதும் ஏர் கிளீனரைத் தாண்டித்தான் வர வேண்டும்.

இனி அமைப்பைப் பற்றி. மூடிய காற்றோட்டத்தின் தத்துவம் இன்டேக் மேனிஃபோல்டில் எப்போதும் கிடைக்கும் உறிஞ்சலைப் பயன்படுத்துவது. வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்பது அதற்குப் பொருட்டில்லை. சொல்லப்போனால் ஸ்லோவில்தான் மேனிஃபோல்டு மிக வலுவாக உறிஞ்சும். அந்த வலு அப்படியே கிராங்க் கேஸில் விழுந்தால் ஆயிலையும் சேர்த்து இழுத்துவிடும், ஸ்லோவும் நிற்காது. அதனால் இடையில் ஒரு வால்வு. ஸ்லோவில் உறிஞ்சல் கூடும்போது அது துளையைச் சுருக்கிக்கொள்ளும். ஓட்டத்தில் உறிஞ்சல் குறையும்போது திறந்துகொடுக்கும். கார்பரேட்டர் வழியாகத் தீ திருப்பி அடித்தால் சட்டென்று மூடி, சுவாலை கிராங்க் கேஸுக்குள் போகாமல் தடுக்கும். ஆக்சிலேட்டரை முழுதாக மிதிக்கும்போது மேனிஃபோல்டில் உறிஞ்சல் கிட்டத்தட்ட இல்லாமல் போய், புகை மட்டும் அதிகம் வரும். அப்போது மிஞ்சும் புகை ராக்கர் கவரிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகும் ஹோஸ் வழியாகக் கார்பரேட்டருக்கே போய் எரிந்துவிடும். எந்த நிலையிலும் வெளியே போவது எதுவும் இல்லை.

இது நம் கார்களின் காலத்துக்கு அந்நியமான சரக்கு என்று நினைப்பது தவறு. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் எம்பி ஜீப்பின் மேனிஃபோல்டில் 1941-லேயே இப்படியொரு வால்வு இருந்தது. சேற்றிலும் தூசியிலும் ஓடும் வண்டிக்குத் தரையைப் பார்த்துத் திறந்த குழாய் ஆகாது என்பது இராணுவத்துக்குத் தெரிந்திருந்தது. வில்லிஸ் ஜீப்புகளை மகிந்திரா நிறுவனம் 1947 முதல் இந்தியாவில் பூட்டத் தொடங்கியது. அம்பாசடர் பிறந்தது அதற்குப் பத்தாண்டு கழித்துத்தான். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் புகைமூட்டத்துக்குக் காரில் எரியாமல் வெளியேறும் பெட்ரோல் ஆவி முக்கியக் காரணம் என்று வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட் ஐம்பதுகளில் காட்டிய பிறகு, கலிபோர்னியாவில் விற்ற 1961 மாடல் கார்களிலும், 1963 மாடல் முதல் அமெரிக்கா முழுதும் இந்த அமைப்பு வந்தது. கட்டுப்பாடு எதுவும் இல்லாத காரிலிருந்து வெளியேறும் எரியாத ஆவியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கிராங்க் கேஸ் வழியாகவே வருகிறது என்ற கணக்குதான் அதற்குத் தூண்டுதல். இதற்கெல்லாம் மேலாக, நம் எஞ்சினின் சொந்தக் குடும்பத்திலேயே சாட்சி இருக்கிறது. அதே ‘பி’ வரிசையின் 1798 சிசி எஞ்சினைச் சுமந்த எம்ஜிபி காரில் 1964 வாக்கில் திறந்த குழாய் போய், மேனிஃபோல்டின் மேல் டயாஃப்ரம் வால்வு ஒன்று வந்தது. அறுபதுகளின் இறுதியில் அந்த வால்வும் போய், எஸ்.யூ. கார்பரேட்டரின் பிஸ்டனுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே, உறிஞ்சல் எப்போதும் இலேசாகவும் சீராகவும் இருக்கும் அறையில் ஹோஸைச் சொருகினார்கள். இந்த எஞ்சினை வரைந்தவர்களே திறந்த குழாயைக் கைவிட்டார்கள் என்றால், குழாய் போதும் என்று நாம் அவர்கள் சார்பில் வாதாடுவது வேடிக்கை.

சட்டத்தைக் காட்டி மறுப்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2021 விதி, வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் மாற்றம் உள்ளிட்ட பெரிய சீரமைப்பு செய்திருக்கக் கூடாது என்கிறது. ‘எஞ்சின்’ என்ற சொல் அங்கே இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் அந்த வாக்கியத்தின் குறி பெரிய சீரமைப்பு; அம்பாசடருக்குள் வேறொரு கம்பெனியின் டீசல் எஞ்சினை இறக்குவதும், பாடியை வெட்டித் திறந்த காராக ஆக்குவதும் அதற்குள் வரும். பிளாக்கில் ஒரு துளையும் போடாமல், எஞ்சின் எண்ணைத் தொடாமல், நான்கு நட்டுகளால் பிடித்திருக்கும் ஒரு துணைப்பாகத்தை அதே அளவுகோலால் அளப்பது பொருந்தாது என்பது என் வாசிப்பு. என் வாசிப்பை நம்பி யாரும் இறங்க வேண்டாம். ‘விஏ’ எண் வாங்கப் போகிறவர்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்வதே புத்திசாலித்தனம். அதுவரை அமைப்பைக் கழற்றிவிட்டுப் பழைய குழாயோடு பரிசோதனைக்குக் கொண்டுபோகலாம். அப்படிக் கழற்ற முடிவதே இது எஞ்சினை மாற்றவில்லை என்பதற்கு அத்தாட்சி. உலகப் பழைமை வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபீவா 2013-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த டுரின் சாசனமும் மாற்றமே கூடாது என்று சொல்லவில்லை. தேவையான மாற்றம் அளவோடு, கண்ணை உறுத்தாமல், கூடுமானவரை பழைய நிலைக்குத் திருப்பக்கூடியதாக இருக்கட்டும், கழற்றிய பாகங்கள் வண்டியோடு இருக்கட்டும் என்கிறது.

ஆகவே எப்படிச் செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மேனிஃபோல்டைத் துளைத்து நிப்பிள் இறக்குவது சுலபம். நான் அதற்கு எதிரி. கார்பரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையில் உட்காரும் ஓர் அலுமினிய ஸ்பேசர் தட்டை, பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் கனத்தில், பக்கவாட்டில் நிப்பிளோடு கடைந்து வாங்கலாம். வார்ப்படமும் பம்ப்செட்டும் பிழைப்பான கோவை வட்டாரத்தில் இதைக் கடைய லேத் தேட வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் பேக்கிங், சற்று நீளமான ஸ்டட், அவ்வளவுதான்; கார்பரேட்டர் தள்ளி உட்காருவதால் ஆக்சிலேட்டர் ராடும் சோக் கேபிளும் இழுபடாமல் இருக்கின்றனவா, ஏர் கிளீனர் எங்கும் இடிக்கவில்லையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். குழாய் இருந்த டேப்பட் கவரைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, உள்ளே தகடும் கம்பி வலையும் வைத்து ஆயில் துளிகளைத் தடுக்கும் சின்ன டப்பா பொருத்திய வேறொரு கவரை அந்த இடத்தில் போடலாம். எம்ஜிபி காரில் வந்த கவர் அப்படிப்பட்டதுதான். அந்த டப்பா இல்லாமல் நேரே ஹோஸ் இழுத்தால் ஆயில் மேனிஃபோல்டுக்குப் போய் பிளக் கறுத்துவிடும். பிறகு பழி அமைப்பின் மேல் விழும். வால்வு வாங்கும்போது கிடைத்ததை வாங்கக் கூடாது. 800 சிசி எஞ்சினுக்கு அளந்த வால்வு 1500 சிசி எஞ்சினின் புகைக்குப் போதாது. பெரிய எஞ்சினுக்கு அளந்தது ஸ்லோவைக் கெடுக்கும்.

பொருத்தியபின் அது வேலை செய்கிறதா என்று அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபை ‘ப’ வடிவத்தில் வளைத்து ஒரு பலகையில் கட்டி, பாதிவரை தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை டிப்ஸ்டிக் துளையில் காற்றுப் புகாமல் மாட்டுங்கள். தண்ணீரில் கொஞ்சம் சாயம் கலந்தால் நன்றாகத் தெரியும். திருப்பூரில் அதற்குப் பஞ்சமில்லை. எஞ்சினைச் சூடேற்றி ஸ்லோவில் விட்டால், எஞ்சின் பக்கக் குழாயில் தண்ணீர் சில சென்டிமீட்டர் மேலே ஏறி நிற்க வேண்டும். அசையவே இல்லையென்றால் எங்கோ காற்று தாராளமாக உள்ளே வருகிறது. எதிர்ப்பக்கம் தள்ளினால் வால்வு அடைத்திருக்கிறது அல்லது ரிங் போய்விட்டது. தண்ணீரை முழுதாக உறிஞ்சிக்கொள்ளப் பார்த்தால் புதுக்காற்று வரும் வழி மிகவும் குறுகல். அந்த அளவு உறிஞ்சல் பின்பக்க மரை வழியாகக் கிளட்ச் தூசியை உள்ளே இழுக்கும். எம்ஜிபி காரின் பிந்தைய மாடல்களில் ராக்கர் கவர் குழாய்க்குள் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் துளை வைத்துப் புதுக்காற்றை அளந்துதான் விட்டார்கள். சரியான துளையைக் கண்டுபிடிக்கும்வரை நாலைந்து முறை மாற்றிப் பார்க்கும் பொறுமை வேண்டும்.

அனுபவமுள்ள மெக்கானிக்குகள் எழுப்பும் கேள்வி இன்னும் கூர்மையானது. பிரீதரில் புகை தள்ளுகிறதென்றால் ரிங் தேய்ந்திருக்கிறது, போரிங் செய்து ரிங் போடு, எதற்கு ஹோஸ் என்பார்கள். தேய்ந்த எஞ்சினைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வதே சரி. நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பார்க்காமல் இந்த அமைப்பைப் பூட்டக் கூடாது. தேய்ந்த எஞ்சினில் வால்வு தாங்காத அளவுக்குப் புகை வரும். ஆயிலும் சேர்ந்து போய் எரிந்து சைலன்சரில் நீலப்புகை கிளம்பும். நோயை மறைக்கும் மருந்தாக இதைப் போடக் கூடாது. ஆனால் புது ரிங் போட்ட எஞ்சினிலும் கொஞ்சம் புகை இறங்கத்தான் போகிறது. மாதம் ஓரிரு முறை சிறு தூரம் ஓடும் வண்டியில் அந்தக் கொஞ்சமே உள்ளே தங்கும். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் போரிங் செய்த எஞ்சினைத்தான் முதலில் பாதுகாக்க வேண்டும்.

கலவை வெளுத்து எஞ்சினின் வால்வுகள் எரிந்துவிடும் என்ற அச்சம் அதைவிட இலேசானது. காற்றோட்ட வால்வு வழியாக ஸ்லோவில் கொஞ்சம் கூடுதல் காற்று வருவது உண்மை. எஸ்.யூ. கார்பரேட்டரில் ஜெட் நட்டைச் சிறிது திருகி, ஸ்லோ ஸ்க்ரூவைக் குறைத்தால் அது சரியாகிவிடும். எஞ்சினின் வால்வுகள் எரிவது பாரம் இழுக்கும்போது. அப்போதோ மேனிஃபோல்டு உறிஞ்சல் குறைந்து இந்த வழியாக வரும் காற்று மொத்தக் காற்றில் அற்பப் பங்காகிவிடும். எத்தனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் இந்தப் பழைய ஜெட்டுகளில் கலவையை இதைவிடக் கூடுதலாகவே வெளுக்கச் செய்கிறது. எப்படியும் இந்த வண்டிகளின் கார்பரேட்டரை மறுபடி ட்யூன் செய்தே ஆக வேண்டிய காலம் இது. எத்தனால் தண்ணீரை ஈர்த்து வைத்துக்கொள்ளும் என்பதையும், பெட்ரோல் கலந்து இளகிய ஆயிலில் அதுவும் சேர்கிறது என்பதையும் யோசித்தால் காற்றோட்டத்தின் தேவை கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

பிரீதர் குழாயின் முனையில் ஒரு பாட்டிலைக் கட்டிவிட்டால் போதாதா என்றும் கேட்கலாம். தரையில் சொட்டாது, அதோடு சரி. பாட்டில் எதையும் இழுக்காது. உள்ளே இருக்கும் ஈரம் உள்ளேயேதான் இருக்கும்.

கடைசி மறுப்பு, ஊரில் விரல் விட்டு எண்ணக்கூடிய கார்களால் காற்று கெட்டுவிடுமா என்பது. கெடாது. திருப்பூரின் காற்றுக்கு உங்கள் அம்பாசடர் ஒரு பொருட்டே அல்ல என்பதை ஒப்புக்கொண்டுதான் இதுவரை காற்று மாசைப் பற்றிப் பேசாமல் இருந்தேன். ஆனாலும் இந்த ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்று நினைவுக்கு வராமல் போகாது. திறந்த குழாயில் சாயக் கழிவை விட்டுவிட்டு அதை ஆறு பார்த்துக்கொள்ளும் என்று பல ஆண்டுகள் இருந்தோம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத முறை இந்தத் தொழிலுக்குக் கட்டுப்படியாகாது என்ற குரல் இங்கே எவ்வளவு உரக்கக் கேட்டது என்பதும் தெரியும். இன்று அந்தப் பட்டறைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் தண்ணீரையும் உப்பையும் மீட்டுப் பட்டறைக்கே திருப்பி அனுப்புகின்றன. கிராங்க் கேஸில் நடப்பதும் அளவில் சிறிய அதே கணக்குத்தான்: வெளியே விட்டால் கறை, உள்ளே திருப்பினால் எரிபொருள். சேமிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மைலேஜ் கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சிக்னலில் நிற்கும்போது தரை ஓட்டைகள் வழியாகக் கேபினுக்குள் ஏறும் அந்தக் கருகல் வாடை போய்விடும், அதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

நடுவர்களிடம் ஒரு வேண்டுகோள். அணிவகுப்புகளின் மதிப்பெண் தாளில், துளையிடாமல் சேர்த்து, அசல் பாகங்களை வண்டியோடு கொண்டுவந்து காட்டப்படும் கிராங்க் கேஸ் காற்றோட்ட அமைப்புக்கு மதிப்பெண் குறைக்கப்படாது என்று ஒரு வரி சேர்க்க முடியுமா? பலர் இதைச் செய்யத் தயங்குவது செலவுக்காக அல்ல, கோப்பைக்காக. அதே தாளில் டேப்பட் கவர், குழாய், கிளிப் ஆகியவற்றைச் சுத்தம் செய்து, எண்ணெய் பூசி, வண்டி எண்ணும் கழற்றிய தேதியும் எழுதிய சீட்டோடு டிக்கியில் வைத்திருப்பவருக்கு ஒரு மதிப்பெண் கூட்டிக் கொடுத்தாலும் தவறில்லை. குழாயைத் தூக்கிப் பழைய இரும்புக் கடையில் போட்டவருக்கு, அமைப்பு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், தாராளமாகக் குறையுங்கள்.

மெக்கானிக்குகளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி. பல ஆண்டுகள் கசடு சேர்ந்த எஞ்சினில் இதைப் பூட்டியவுடன் உள்ளே இருப்பது எல்லாம் ஒரே நாளில் சுத்தமாகாது. முதல் ஆயிலை வழக்கமான தவணைக்குப் பாதியிலேயே மாற்றுங்கள். சம்பை இறக்கிக் கழுவ முடிந்தால் பொருத்துவதற்கு முன்பே கழுவுங்கள். ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் வால்வைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பாருங்கள். முள் போன்ற பிளஞ்சர் உள்ள வகையாக இருந்தால் கடகடவென்று சத்தம் வர வேண்டும். டயாஃப்ரம் வகையாக இருந்தால் மேல் கிளிப்பை எடுத்து ரப்பர் விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடைத்துப்போன வால்வோடு ஓடும் மூடிய எஞ்சின், திறந்த குழாயோடு ஓடும் எஞ்சினை விட மோசம்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்